பன்னிரண்டு அடி இடமும் அதற்கு உரியவரும்

புணேயின் வடமேற்கே, மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த வாகட், ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல் சூழ்ந்த ஊர். ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தபின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் அங்கே நிறைந்தன. இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் அடங்கும் அப்பகுதியில், பொதுக் கட்டடங்களின் வாயிலருகே மாற்றுத்திறனாளிகளுக்கென இரண்டு கார்கள் நிற்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மகாராஷ்டிர ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் அவ்விடத்தின் அகலம் 3.6 மீட்டருக்குக் குறையக்கூடாது, வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒதுக்கீட்டை அறிவிக்கும் பலகை இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அங்கே வண்டியை நிறுத்த உரியவர் தம் உரிமையை எதைக் காட்டி நிறுவ வேண்டும் என்பதற்கு அவ்வகையில் எந்த வரியும் இல்லை. அந்த முடிவு நடைமுறையில் வாயிற்காவலரின் கண்ணுக்கு விடப்பட்டிருக்கிறது. இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு.

3.6 மீட்டர் என்னும் அளவிலிருந்து அந்த வரலாற்றைத் தொடங்கலாம். 1961-இல் அமெரிக்காவில் ஏ117.1 என்னும் கட்டடத் தரநிலை வெளியானது. அதற்கான ஆய்வு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமோதி நியூஜென்ட் தலைமையில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் உடலுறுப்பு இழந்தும் முடங்கியும் திரும்பிய வீரர்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ள 1948-இல் தொடங்கிய திட்டமே அதன் வேர். இரு கார்களுக்கு நடுவே ஒதுக்கப்படும் இடம் பன்னிரண்டு அடி அகலம் இருக்க வேண்டும் என்றது அத்தரநிலை. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ கதவுக்கு வெளியே வந்து நிற்பதற்கான இடத்தையும் சேர்த்த கணக்கு அது. மெட்ரிக் அளவில் அது 3.66 மீட்டர்.

இந்திய மாதிரிக் கட்டட விதிகளும் அவற்றைப் பின்பற்றிய மகாராஷ்டிர விதிகளும் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதற்கு வலுவான சான்று அகலத்தைவிட வரையறைகளில்தான் கிடைக்கிறது. சக்கர நாற்காலியை விட்டு எழ இயலாதோர், சிரமத்தோடு நடப்போர் என்று 1961-ஆம் ஆண்டு ஆவணம் பகுத்தவாறே இந்திய விதிகளும் பகுக்கின்றன; வாசகங்கள் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒன்றே. இரண்டாம் வகையில் ஊன்றுகோல் பயன்படுத்துவோர், கால் இழந்தோர், மூட்டுவாத நோயாளிகள் ஆகியோரோடு இதய நோயும் நுரையீரல் நோயும் உடையோர் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டை மட்டும் மனத்தில் கொள்ளவில்லை. இருபது அடி நடந்தால் மூச்சு வாங்குபவரும் அவர்கள் பட்டியலில் இருந்தார்.

அந்தப் பட்டியலைக் கண்களிலிருந்து மறைத்தது ஒரு சின்னம். 1968-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபூட் என்னும் வடிவமைப்பு மாணவி சக்கர நாற்காலியை வரைந்தார். அதன்மேல் ஒரு தலை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 1969-இல் அது பன்னாட்டு அடையாளமாக ஏற்கப்பட்டது. மொழி கடந்து எவருக்கும் உடனே புரியும் சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் விதி இரு வகையினரைப் பேச, பலகை ஒரு வகையினரை மட்டுமே காட்டியது. விதிப்புத்தகம் எவர் கையிலும் இல்லை. பலகையோ எல்லோர் கண்ணிலும் படுகிறது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. ஆல்ஃப் மாரிஸ் முன்னெடுத்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971-இல் ஆரஞ்சு நிற அட்டை நடைமுறைக்கு வந்தது. 2000 முதல் அது நீல அட்டையாயிற்று. அதன் அடிப்படை எளியது: அட்டை வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. அவர் ஓட்டுநராக வந்தாலும் பயணியாக வந்தாலும், எவருடைய காரில் வந்தாலும் அட்டை உடன் வரும். 2019 ஆகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத இயலாமை உடையோருக்கும் அது விரிந்தது. ஆட்டிசம் உள்ளவர், கடும் பதற்ற நோயால் தனியே நடமாட இயலாதவர் ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். இடங்கள் போதா என்ற மறுப்பும் அப்போது எழுந்தது. அது புறந்தள்ளத்தக்க மறுப்பன்று. எனினும் அங்கே யாருக்கு உரிமை என்ற விவாதம் பொதுவெளியில், எழுதப்பட்ட அளவுகோல்களை முன்வைத்து நடந்தது.

இந்தியா அமெரிக்காவிடமிருந்து அகலத்தை வாங்கியது. அட்டையை எவரிடமிருந்தும் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக உரிமை வண்டியோடு பிணைக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘இன்வாலிட் கேரேஜ்’ என்னும் பிரிட்டிஷ் சொல்லை ஏற்றது. உடற்குறை உடையவருக்கென்றே வடிவமைத்துக் கட்டப்பட்ட வண்டியே அப்பெயருக்கு உரியது. வெறுமனே மாற்றியமைக்கப்பட்டது சேராது என்றது வரையறை. பிரிட்டனில் போர் ஊனமுற்றோருக்கு அரசு வழங்கிய ஒற்றை இருக்கை மூன்று சக்கர வண்டிகளுக்கு அது பொருந்திய சொல். 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே தொடர்ந்தது.

இந்தியச் சாலையின் நிலையோ நேர்மாறு. இங்கே இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டோரில் பலருக்குக் கிட்டிய ஊர்தி, பின்புறம் இரு துணைச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர். பட்டறையில் மாற்றியமைக்கப்பட்ட வண்டி அது. பஜாஜ் தொழிற்சாலை அமைந்த ஆகுர்டி, வாகட் உள்ள அதே மாநகராட்சியின் எல்லைக்குள்தான் இருக்கிறது. சட்டத்தின் சொல்லுக்குள் மாற்றியமைக்கப்பட்ட வண்டி நுழைய 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை எண்பது ஆண்டுகள் ஆயின. 2020 அக்டோபரில் பதிவுப் படிவத்தில் ‘திவ்யாங்ஜன்’ என்னும் உரிமையாளர் வகையும் சேர்ந்தது. ஆனால் நிறுத்துமிட விதியோ இன்னமும் கார் கணக்கில் பேசுகிறது. துணைச் சக்கர ஸ்கூட்டரில் வருபவர் இருசக்கர வண்டி வரிசையில் நுழைய முடிவதில்லை. கார் இடத்தில் நிறுத்தினால் வேறிடம் போகச் சொல்லும் குரல் எழுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கி வரும் தந்தையின் சாதாரணக் காருக்கோ, வண்டியை வைத்து முடிவு செய்யும் முறையில் எந்தத் தகுதியும் இல்லை.

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சாலை பற்றிய பிரிவில் ஒலிச் சைகை, நடைபாதைச் சரிவு, நடைமேடை விளிம்பின் தொடுகுறி ஆகியவற்றைச் சொல்லியது. வண்டி நிறுத்துமிடம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில்தான் பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவை தொடர்பாக அது இடம்பெற்றது. அதே சட்டம் பட்டியலிட்ட 21 இயலாமைகளுக்கு இன்று தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. நிறுத்துமிட உரிமைக்கு அந்த அட்டையே போதும் என்று கூறுவோர் உண்டு. எளிய தீர்வாகத் தோன்றினும் அது பொருந்தவில்லை. அட்டை அளப்பது இயலாமையின் விழுக்காட்டை. வாயிலுக்கும் வண்டிக்கும் இடையே ஒருவர் எவ்வளவு நடக்க முடியும் என்பதை அன்று. நடையில் எந்தச் சிரமமும் இல்லாத ஒருவர் செவித்திறன் குறைவுக்காக அட்டை பெறலாம். இதய நோயும் நுரையீரல் நோயுமோ அந்த 21-இல் இல்லை. கட்டட விதி பெயர் சொல்லி அழைத்தவரை மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியல் அறியவில்லை. முரணான இவ்விரு ஆவணங்களும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடைமுறையில் உள்ளன. தண்டனைப் பிரிவும் இக்குழப்பத்தைத் தீர்ப்பதில்லை: 91-ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை உடையோருக்கான சலுகையை மோசடியாகப் பெறுவோருக்கு ஈராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. வாயிலருகே கண நேரம் காரை நிறுத்திப் போகும் உடல்நலம் உள்ளவரை நோக்கி எழுதப்பட்ட வாசகம் அதுவன்று.

புணேக்கு இங்கே தனி இடம் உண்டு. 1944-இல் படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் அந்நகரில் தொடங்கியது. கட்கியில் தண்டுவடப் பாதிப்புற்ற வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-இல் வந்தது. வாகடிலிருந்து அது தொலைவில் இல்லை. 1965 போரில் குண்டடிபட்டு, 1972-இல் ஹைடல்பர்க் நகரில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்ற முரளிகாந்த் பேட்கர் புணேயின் டெல்கோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். போரில் முடங்கியவரைப் பேணிய நகரங்களுள் புணே முதல் வரிசையில் நிற்கத்தக்கது. இருப்பினும் இல்லினாயில் அவ்வீரர்கள் பொதுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததால் அதன் படிக்கட்டுகளே மாற வேண்டியிருந்தது. புணேயில் பராமரிப்பு பெரும்பாலும் கண்டோன்மென்ட் சுவர்களுக்குள் நிகழ்ந்தது. நகரத் தெருவுக்கு அந்த நெருக்கடி வரவில்லை என்று கருத இடமுண்டு.

வாகட் போன்ற பகுதிகளில் சிக்கல் கூர்மையடைவது வணிக வளாகத்தில் அன்று, வீட்டு வாயிலில். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடம் என்று வரையறுப்பது பொதுமக்கள் வந்துபோகும் இடங்களை. அப்பட்டியலில் குடியிருப்பு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. நடுவண் மாதிரி விதிகளோ குடியிருப்புகளுக்குத் தாம் பொருந்தா என்றே தொடங்கின. 2010-இல் நஹால்சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின்படி தரைத்தள நிறுத்துமிடங்களைக் கட்டுநர் தனியே விற்க முடியாது, அவை பொதுப் பகுதி என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அதன்பின் இடத்தைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் கையில் நின்றது. வண்டிகள் இடங்களை விஞ்சினால் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும் என்கின்றன சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள். மின்தூக்கிக்கு அருகே இடம் தேவைப்படும் மூட்டுவாத நோயாளியும் இரண்டாம் கார் வாங்கிய அண்டை வீட்டாரும் பொதுக்குழுவில் ஆளுக்கொரு வாக்குடன் அமர்கிறார்கள்.

2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15(1) விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க நடுவண் அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அத்தீர்ப்பு தரநிலைகளைப் பற்றியது. எத்தனை மீட்டர், எவ்வளவு சரிவு, எந்த உயரத்தில் கைப்பிடி என்பன இனி கட்டாயமாகலாம். 3.6 மீட்டர் இடத்தில் இறங்குபவர் யாராக இருக்க வேண்டும் என்பது அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.