பேய்மீனும் பார்வையாளனும்

சுற்றுலாப் பயணியின் கண்ணை நாம் மதிப்பதில்லை. நாலு நாள் லீவில் போய், படகில் ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவன் எதையும் பார்ப்பதில்லை என்பது நம் எழுத்தாளர்களுக்கு ஒரு சௌகரியமான முடிவு. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளின் சரித்திரத்தைப் படித்த பிறகு இந்த முடிவில் எனக்குப் பழைய நிச்சயம் இல்லை. அங்கே கூர்ந்து பார்த்த கண் வேட்டைக்காரனுடையது.

மெக்ஸிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், பஸிபிக் கரையோரமாக, ஆழமில்லாத சில கடற்கழிகள் இருக்கின்றன. ஆர்க்டிக் பக்கத்துக் கடல்களில் கோடையைக் கழிக்கும் சாம்பல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான மைல்கள் நீந்திவந்து இங்கே குட்டி போடுகின்றன. 1857ஆம் வருஷக் குளிர்காலத்தில் சார்ல்ஸ் மெல்வில் ஸ்கம்மன் என்ற அமெரிக்கக் காப்டன் 'பாஸ்டன்' என்னும் தன் கப்பலோடு ஓஹோ தெ லியெப்ரே கழிக்குள் நுழைந்தார். முதலில் படகுகள் உடைந்தன, ஆட்கள் காயப்பட்டார்கள். பிறகு அவர் ஓர் உபாயம் கண்டார். திமிங்கிலம் வர முடியாத ஆழமற்ற தண்ணீரில் படகுகளை நங்கூரமிட்டு, பக்கத்து ஆழத்தில் அது கடந்துபோகும்போது வெடி ஈட்டியால் சுடுவது. கப்பல் நிறைய எண்ணெயோடு திரும்பினார். சில வருஷங்களில் மற்ற கப்பல்களும் வந்தன. அடுத்தடுத்த கழிகளும், ஸான் இக்னாஸியோ உட்பட, காலியாயின.

அந்த வேட்டைக்காரர்கள் சாம்பல் திமிங்கிலத்துக்கு வைத்த பெயர் 'பேய்மீன்'. குட்டியைக் காக்கத் திரும்பிப் பாய்ந்த தாய்க்குக் கிடைத்த பெயர் இது. பெயர் வைக்கும் அதிகாரம் ஈட்டி எறிகிறவன் கையில் இருந்தது. நம் திமிங்கிலம் என்ற சொல்லிலும் பயம்தான் இருக்கிறது: 'திமி' என்ற பெரிய மீனையே விழுங்குவது என்று பொருள். ஆனால் அது கண்ணால் காணாத பயம், கற்பனையின் பெருக்கம். பேய்மீன் என்பதோ கண்ணால் கண்டு, காரணம் தெரிந்து, அந்தக் காரணத்தை மறைத்த சொல்.

ஸ்கம்மன் விசித்திரமானவர். 1874இல் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரைக் கடற் பாலூட்டிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் விற்கவில்லை, இன்றும் மதிக்கப்படுகிறது. திமிங்கிலத்தின் உருவம், பழக்கம், வலசை எல்லாம் அதில் கவனமாகப் பதிவாகியிருக்கின்றன. இந்த மிருகம் சீக்கிரமே அழிந்துபோன இனங்களில் ஒன்றாகிவிடுமோ என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். நான் பாங்கில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். பீப்பாய்களை எண்ணிய கையே இதையும் எழுதியது என்பதை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. கொன்றதனால் அவர் பார்வை பொய்யாகிவிடவில்லை; பார்த்ததனால் அவர் கொலை கழுவப்படவும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் தெம்பு நம் விமர்சனத்துக்கு வேண்டும்.

1946இல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் வியாபார வேட்டையிலிருந்து இந்த இனத்துக்குப் பாதுகாப்பளித்தது. 1950இல் ஸான் டியகோவில், கப்ரியோ நினைவிடத்துக் குன்றிலிருந்து ஜனங்கள் திமிங்கிலம் பார்க்க ஏற்பாடாயிற்று. 1955இல் அதே ஊரிலிருந்து முதல் படகு, கட்டணம் ஒரு டாலர். வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அது உயிரோடு இருந்தால்தான் ஆதாயம்.

ஸான் இக்னாஸியோவின் மீனவர்கள் மட்டும் பயந்துகொண்டிருந்தார்கள். திமிங்கிலம் நெருங்கினால் படகைத் தட்டிச் சத்தமெழுப்பி விலகிப்போவார்கள். 1972இல் பிரான்ஸிஸ்கோ மயோரால் என்ற மீனவரின் படகை ஒட்டி ஒன்று வந்தது, போகவில்லை. அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தொட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கழிக்குப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். தாய் தன் குட்டியைப் படகருகே கொண்டுவருவதை இன்றும் பார்க்கலாம்.

திமிங்கிலம் மனிதனை மன்னித்துவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது ஒப்பவில்லை. மயோராலின் படகருகே வந்தது ஸ்கம்மனின் காலத்தைக் கண்டிருக்காது. அது ஏன் வந்தது என்பது அதன் விஷயம். அன்று நடந்ததில் நிச்சயமானது ஒன்றுதான்: வேறு யாரோ வைத்த பெயரைப் பரம்பரையாகச் சுமந்த ஒரு மனிதனுடைய பயம் விட்டுப்போயிற்று. மன்னிப்பு என்பது கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட நாம் போடும் பொய்ப் பதிவு.

கணக்கோ முடியவில்லை. அந்தக் கழிக்கரையில் மெக்ஸிகோ அரசும் மிட்ஸுபிஷியும் சேர்ந்து பிரம்மாண்டமான உப்பு உற்பத்திக்குத் திட்டமிட்டன. எதிர்ப்புக்குப் பிறகு 2000 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. 2016 வாக்கில் 27,000 அளவுக்குப் பெருகியிருந்த இனம் 2019இலிருந்து கொத்துக் கொத்தாகச் செத்துக் கரையொதுங்கியது. 2023 மதிப்பீட்டில் ஏறக்குறைய 14,500. ஆர்க்டிக்கில் இரை குறைந்ததே முக்கிய காரணம் என்கிறார்கள். பல உடல்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. இதில் ஈட்டியும் இல்லை, காப்டனும் இல்லை. கையை நீட்டித் தொட்டுவிட்டு விமானமேறி வீடு திரும்புகிறவனுக்கும், இதை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கும், சூடேறும் அந்தக் கடலில் பங்கு உண்டு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் நாம் தீர்மானிக்கவில்லை.