ஆங்கில இலக்கணமும் நம் சிறாரும்

1835-ஆம் ஆண்டில் மெக்காலே துரையின் குறிப்பையொட்டிப் பெண்டிங்கு பிரபுவின் அரசாங்கம் ஆங்கிலக் கல்வியை மேற்கொண்டது. அமெரிக்க மதுரை மிஷனார் நம் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்ததும் அவ்வாண்டே. ஆங்கில இலக்கணத்திற்கு அந்நாளில் பெயர்பெற்றது 1795-இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் நூல். விதிகளை மனனஞ்செய்து ஒப்பித்தலே அதனைப் பயிற்றிய முறை. பொருளுணராது ஒப்பித்துப் பிரம்படிபட்ட சிறார் பலர் கல்வியையே வெறுத்தனர்.

யாம் வகுப்பிற் கண்ட வழி வேறு. ‘கண்ணன் பழம் தின்றான்’ என்பதில் பயனிலை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வரும். இதனைக் காட்டிய அளவில் பிள்ளைகள் பற்றிக்கொள்கின்றனர். ‘அவன், அவள், அது’ என்னும் பாற்பாகுபாடு தெளிந்த குழந்தைக்கு ‘ஹீ, ஷீ, இட்’ எளிதன்றோ? ஆதலின் பெற்றோர்காள், தமிழிலக்கணத்தை முன்னர்ப் பயிற்றுமின். ஆங்கிலம் தானே கைகூடும்.