மீண்டும் பிறந்த நீராவி எஞ்சின்கள்

பொகவந்தலாவையில் இருப்புப்பாதை இல்லை. புகையிரதத்தைக் காண விரும்பும் எம் மாணவர் அட்டனுக்குச் செல்லல் வேண்டும். ஆங்கும் அவர் காண்பது டீசல் எஞ்சினையே. 1885ஆம் ஆண்டு நானுஓயாவை எட்டிய அம்மலைப் பாதையில் பல்லாண்டு காலம் நீராவியே ஆட்சி செலுத்திற்று. மறைந்தொழிந்த அத்தகைய பொறியொன்றை அடிமுதல் புதிதாக ஆக்குதல் கூடுமோ?

கூடும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. ஆங்கு 1948, 1949ஆம் ஆண்டுகளில் ஆக்கப்பெற்ற பெப்பர்கோர்ன் ஏ1 வகை எஞ்சின்கள் 49. 1966ஆம் ஆண்டுக்குள் அவை யாவும் உடைக்கப்பட்டன. 1990இல் புகையிரத அன்பர் சிலர் ஒன்றுகூடி, ஐம்பதாவதைத் தாமே ஆக்கத் துணிந்தனர். பலர் தவணைதோறும் ஈந்த சிறு தொகைகளே அவர்தம் முதல். வரைபடங்கள் பெரும்பாலும் யோர்க் அரும்பொருளகத்திற் கிடைத்தன. இடர் விளைத்தது கொதிகலனே. நீராவிப் புகையிரதத்தை உலகுக்கு அளித்த நாட்டில் அத்துணைப் பெரிய கொதிகலனைச் செய்யவல்ல பட்டறை எஞ்சியிருக்கவில்லை! ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையே அதனைச் செய்தளித்தது. தறையாணிகளுக்குப் பதிலாகத் தகடுகளைப் பற்றவைத்தனர்; நெருப்புப்பெட்டியும் செம்பாலன்றி உருக்காலாயிற்று. ஏறத்தாழ முப்பது இலட்சம் பவுண் செலவில், 2008இல் டார்லிங்டன் நகரில் 'டொர்னாடோ' ஓடத் தொடங்கிற்று.

நமக்கு அணித்தான சான்று திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பட்டறை. நீலகிரிப் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம் உண்டு. வழுவழுப்பான சக்கரம் அதில் தனித்து ஏறாது. ஆதலின் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுமாறு அமைத்தனர். எஞ்சின் பின்னின்று பெட்டிகளைத் தள்ளும். இவ்வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. இறுதியாக வந்தது 1952இல். 2011 முதல் எண்ணெயால் எரியும் நான்கினையும், 2021இல் நிலக்கரியால் எரியும் ஒன்றினையும் பொன்மலையார் தாமே ஆக்கினர்.

இவர் பொழுதுபோக்காளர் அல்லர், சம்பளத் தொழிலாளர் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் பழைய எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்த கைகள் அப்பட்டறையில் இருந்தன. இங்கிலாந்து அன்பர் பொருளும் ஆர்வமும் உடையராயிருந்தும் கொதிகலனுக்குக் கடல் கடந்தமை அத்தகைய கைகள் அற்றுப்போனமையாலன்றோ? வரைபடத்தை அரும்பொருளகம் காக்கும். கைத்திறனை யார் காப்பார்?

இவை வெறும் போலிகள் எனக் கூறுவாரும் உளர். யான் அதற்கு உடன்படேன், செய்தாரும் உடன்பட்டிலர். ஏ1 வரிசையின் இறுதி எண் 60162. டொர்னாடோவுக்கு அவர் இட்ட எண் 60163. பொன்மலையின் முதல் எஞ்சினும் பழைய வரிசையைத் தொடர்ந்து 37396 என்றே எண் பெற்றது.