ஒக்கலில் உட்கார்ந்த பிள்ளை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருபவர்கள், சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், சிட்டி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் என்று கூட்டம். அதில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் பலர் குழந்தையை இடுப்பில்தான் வைத்திருப்பார்கள். அம்மாவின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கால், முட்டி மடங்கி, தொடை அகன்று. எங்கள் வீட்டுத் தமிழில் அது ஒக்கல். பக்கத்து வீட்டு மலையாளத்தில் ஒக்கத்து. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு போனது. சொல் மட்டும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது.

அந்த உட்காரும் விதத்துக்குப் பின்னால் ஒரு நீளமான மருத்துவ வரலாறு இருக்கிறது. என் மகளுக்கு ஆறு வாரத்தில் மான்செஸ்டரில் பெல்ட் மாட்டிவிட்ட பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதில் உட்காரும் ஒரு பந்தும். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும், அல்லது பந்து நழுவும். குழந்தைக்கு வலிக்காது, அழாது. நடக்க ஆரம்பித்து விந்தும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள். பிறந்த புதிதில் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பு. பந்து சரியாக உட்கார்ந்திருந்தால், அதைச் சுற்றியே கிண்ணம் வளர்ந்துவிடும். வைத்தியம் முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

முதலில் பெயர் வாங்கியவர் வியன்னாவின் அடால்ஃப் லோரன்ஸ். கத்தி வைக்காமல், கையாலேயே மூட்டை இழுத்து உட்கார வைத்து, தவளை மாதிரி கால்களை அகட்டி மாவுக்கட்டு போட்டுவிடுவார். 1902-ல் சிகாகோவின் இறைச்சிக் கோடீசுவரர் ஆர்மர் தன் மகளுக்காக இவரைக் கப்பலேற்றி வரவழைத்தார். (வாத்துக் குஞ்சுகள் பின்னால் ஓட, நோபல் பரிசு வாங்கிய கான்ராட் லோரன்ஸ் இவருடைய மகன்தான்!) ஆனால் அசையவிடாத அந்தக் கட்டு பல குழந்தைகளுக்குப் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டது.

இத்தாலியின் ஃபெராரா ஊரில் குழந்தை மருத்துவர் மரினோ ஒர்த்தொலானி 1937-ல் எழுதிய பரிசோதனை இன்றும் நடக்கிறது. குழந்தையைத் துடைக்கும்போது 'க்ளிக்' என்று ஏதோ கேட்கிறது என்று ஒரு தாய் சொன்னதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வேறு டாக்டராக இருந்தால், "ஒன்றுமில்லம்மா" என்று அனுப்பியிருப்பார்.

பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் அர்னோல்ட் பாவ்லிக். 1940-களின் நடுவில் அவர் கட்டை விட்டுவிட்டு வாரைப் பிடித்தார். தோளில் பட்டை, காலில் பட்டை. முட்டி மடங்கியிருக்கும், தொடை அகன்றிருக்கும், ஆனால் குழந்தை உதைக்கலாம். அந்த உதையே பந்தைக் கிண்ணத்துக்குள் கொண்டு சேர்க்கும். என் மகள் மாட்டியிருந்தது அதே பாவ்லிக் வார்தான். முதல் போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா ஃபோனில் கேட்டாள்: "என்னடே மக்களே, பிள்ளை ஒக்கல்ல இருக்க மாதிரில்லா இருக்கு?" அந்த ஒரு வரியில் டாக்டர் கொடுத்த நான்கு பக்கக் கையேடும் அடங்கிவிட்டது.

அம்மாவின் கணக்கு தப்பில்லை. கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றும் வழக்கமுள்ள இடங்களில் இந்தக் கோளாறு அதிகம் என்றும், இடுப்பில் தூக்கும் இடங்களில் குறைவு என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் 1970-களின் நடுவில் 'குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதே' என்று நாடு முழுக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை இருந்தது, ஏறக்குறைய 0.2-ஆக இறங்கியது.

ஆனால் "நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது" என்று இங்கே பல வீடுகளில் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒக்கலில் வைப்பது கழுத்து நின்ற பிறகுதான். கருப்பையில் புட்டம் கீழாக இருந்த குழந்தை, பெண் குழந்தை, தலைப்பிள்ளை, அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இது இருந்த குழந்தை: இவர்களுக்கு எந்த ஊரானாலும் ஆபத்து கூடுதல். எங்கள் வீட்டில் இதில் மூன்று பொருந்தியது.

எங்கள் பக்கத்துச் சால்ஃபோர்டில் பார்லோ என்ற டாக்டர் 1962-ல் எழுதினார்: பிறந்தவர்களில் அறுபதில் ஒருவருக்கு மூட்டு தளர்வு, அதில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே தானாகச் சரியாகிவிடும். அதனால் எல்லாருக்கும் வார் மாட்டக்கூடாது, எல்லாரையும் பார்க்க வேண்டும். இங்கே பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு சோதனை, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இன்னொன்று. புட்டம் கீழாக இருந்தவர்களுக்கு ஸ்கேனும் உண்டு.

என் கவலை தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகும் நம் பெண்களைப் பற்றி. குழந்தை அங்கே பிறந்து, நாலாம் மாதம் விமானம் ஏறி இங்கே வருகிறது. இங்கத்துச் சோதனை இரண்டும் தாண்டிப் போயிருக்கும். பாவ்லிக் வார் நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய ஆறு மாதம் வரைதான். அதற்கப்புறம் மயக்கம் கொடுத்து மாவுக்கட்டு, இல்லாவிட்டால் ஆபரேஷன்.

போன மாதம் இப்படி வந்து இறங்கிய ஒரு நண்பர் குடும்பத்திடம் கேட்டேன். சிசேரியன் எதற்கு என்றதற்கு, "தலை திரும்பலைன்னாங்க" என்றார் அவர் மனைவி. டிஸ்சார்ஜ் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஜிபியைப் பார்க்கச் சொன்னேன். வியாழக்கிழமை ஸ்கேன்.