திரும்பி வரவேண்டிய டயர்: சோழவரம் ஓடுதளமும் மரக்காணம் ரோடும்

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜில் இருந்து ஆரம்பிக்குது. மரக்காணம் பக்கத்தில் இருந்து ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். சுருக்கமா சொன்னா கேள்வி இதுதான்: "வீடு மரக்காணம், வேலை புதுச்சேரி. தினமும் இ.சி.ஆர்.ல கார்லதான் போய்ட்டு வர்றேன். ரியர் வீல் டிரைவ் கார். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை டிராக் ரேஸ்லயும் ஓட்டுவேன். பின் டயர் எதைப் போடறது?"

டயர் பிராண்டு பேர் சொல்லி ரெண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனா இந்தக் கேள்விக்கு எழுபது வருஷத்துக்கு மேல வயசு. அதைக் கேட்டவங்க யாரு, என்ன பதில் கண்டுபிடிச்சாங்கன்னு தெரிஞ்சா நம்ம நண்பருக்கான பதில் தானா வரும்.

ஒரு சின்னக் குறிப்பு. டிராக் ரேஸ், ரேஸ் டிராக் ரெண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து. இங்க டிராக்னு சொன்னா, ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நின்னு, நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓடுற போட்டி. வளைஞ்சு வளைஞ்சு ஓடுற இடத்தைக் களம்னு சொல்லிக்கிறேன்.

விமானம் போன பிறகு

ரெண்டாம் உலகப்போர் உலகம் முழுக்க நிறைய ஓடுதளங்களை விட்டுட்டுப் போச்சு. நீளமான, நேரான, அகலமான தரை. போர் முடிஞ்சதும் அங்கெல்லாம் காரோட ஆளுங்க வந்து நின்னாங்க.

கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950-இல் சி. ஜே. ஹார்ட் என்பவர் ஒரு விமானநிலைய ஓடுதளத்தில் டிராக் ரேஸ் நடத்த ஆரம்பிச்சார். கட்டணம் ஐம்பது சென்ட். அதுக்கு முன்னாடி பசங்க பொதுச் சாலையில்தான் போட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வருஷமே, 1951-இல், வாலி பார்க்ஸ் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். அதன் முக்கியமான நோக்கங்களில் ஒண்ணு, இந்தப் பசங்களை ரோட்டில் இருந்து எடுத்து, விதிமுறை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோறது.

நம்ம ஊரிலும் இதேதான். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போற வழியில் சோழவரம். அங்கே போர்க்கால ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாச்சு. சோழவரம் இந்திய மோட்டார் பந்தயத்தின் பெரிய பெயராச்சு. 1980-களில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்கே ஓட்டினார். கோவை கரிவரதன் போன்றவங்க பெயர் வளர்ந்ததும் அங்கேதான்.

எனக்கு அந்த ஃபார்முலா காரைவிட மத்த வண்டிகள்தான் சுவாரசியம். ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போற அதே மாடல்கள். மூணுமே ரியர் வீல் டிரைவ். எஞ்சின் முன்னாடி, தள்ளுறது பின்சக்கரம்.

டயர் அளவைப் பாருங்க. ஃபியட் 1100-க்கு 5.20-14, ஹெரால்டுக்கு 5.20-13, அம்பாசிடருக்கு 5.90-15. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். அஞ்சேகால் இஞ்ச்! இன்னைக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கில் அதைவிட அகலமா இருக்கு. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமா இருந்த காலம் வேற. ரேஸ் டயர்னு தனியா ஒண்ணு கடையில் தொங்கிக்கிட்டு இருக்காது.

பின்சக்கரத்துக்கு என்ன ஆகுது?

இங்க கொஞ்சம் இன்ஜினியரிங். பயப்படாதீங்க, ஒரே ஒரு கணக்குதான்.

பஸ் சடார்னு கிளம்பினா நின்னுட்டு இருக்கிறவங்க பின்னாடி சாய்வாங்க இல்லையா? கார் கிளம்பும்போது காரின் எடையும் அப்படித்தான் பின்னாடி சாயுது. 1000 கிலோ கார், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி வேகத்தில் கிளம்புதுன்னு வைங்க. எடை மையம் தரையில் இருந்து அரை மீட்டர் உயரம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 2.4 மீட்டர். கணக்குப் போட்டா சுமார் 100 கிலோ முன்னாடி இருந்து பின்னாடி போகுது. பின் டயர் ரெண்டும் அந்த நேரத்தில் நல்லா அழுந்திப் பிடிக்கும். ரியர் வீல் டிரைவ் வண்டிக்கு டிராக் ரேஸில் இருக்கிற பெரிய வசதி இதுதான்.

ஆனா டயர் மட்டும் நல்லா இருந்தா போதாது, அது மாட்டியிருக்கிற ஆக்ஸிலும் முக்கியம். ஹெரால்டில் இருந்தது ஸ்விங் ஆக்ஸில். வண்டியின் பின்பக்கம் அழுந்தும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமா சாயும். அஞ்சேகால் இஞ்ச் டயரில் உள்விளிம்புதான் தரையை நல்லாப் பிடிக்கும். வளைவில் திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா வேற தொல்லை: பின்சக்கரம் அடியில் மடங்குற மாதிரி ஆகி, வால் வீசும். சென்னையில் அந்தக் காரைத் தயாரிச்ச ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1972-இல் கெசல் மாடலில் அதை விட்டுட்டு, ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கிற சாதாரண ஆக்ஸிலுக்கு மாறிடுச்சு.

ஒரு டயர் ரெண்டு டயரான கதை

காய்ஞ்ச தரையில் அதிகப் பிடிப்பு வேணும்னா டயரில் கோடே இருக்கக் கூடாது. நம்ம பஞ்சர் கடை பாஷையில் சொன்னா பட்டன் இல்லாத மொட்டை டயர். கோடு இல்லாததால் ரப்பர் முழுக்கத் தரையைத் தொடும். ரப்பரும் மெத்துன்னு இருந்தா தரையின் சின்னச் சின்னப் பள்ளத்துக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும்.

தேய்ஞ்சுபோன மொட்டை டயரும் இதுவும் ஒண்ணான்னு கேப்பீங்க. இல்லை. தேய்ஞ்ச டயரில் மிஞ்சியிருக்கிறது பழைய, இறுகிப்போன ரப்பர். டிராக் ஸ்லிக் என்பது புது ரப்பர், மென்மையான கலவை.

அமெரிக்காவில் ஆரம்பத்தில் இதை எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? பழைய டயர் மேல புது ரப்பரைக் கோடே வெட்டாம ஒட்டினாங்க. நம்ம ஊர் ரீட்ரெடிங்தான்! மாசசூசெட்ஸின் எம் அண்ட் எச் மாதிரி கம்பெனிகள் 1950-களின் பிற்பகுதியில் டிராக் ரேஸுக்குன்னே தனி டயர் செய்ய ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

ரீட்ரெடிங் ரப்பர்னதும் ஒரு மெட்ராஸ் கதை. 1946-இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் பொம்மை செய்யுற சின்னப் பட்டறை ஒண்ணு ஆரம்பிச்சார். 1952-இல் அது ரீட்ரெடிங்குக்கான ரப்பர் தயாரிக்கப் போச்சு. 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனி தொழில்நுட்பத்தோட முதல் டயர் வெளியே வந்துச்சு. எம்.ஆர்.எஃப்.னு சொன்னா உங்களுக்குத் தெரியும். அந்த எம், மெட்ராஸ்.

சோழவரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பெரிய தூரம் இல்லை. ஆனா அந்தக் கால இந்தியாவின் டயர் கவலை வேற. லாரி பாரம் தாங்கணும், குண்டும் குழியுமான ரோட்டில் வெடிக்கக் கூடாது, தேய்ஞ்சா மறுபடி ரப்பர் ஒட்ட முடியணும். 402 மீட்டர் பிடிப்பு யாருடைய பட்டியலிலும் இல்லை.

அமெரிக்காவில் அதே நேரம் ஒரு குறும்பு நடந்துச்சு. ஸ்லிக்கை ரோட்டில் ஓட்டினா சட்டப்படி தப்பு. உடனே ஸ்லிக்கில் பேருக்கு ரெண்டு மூணு கோடு கிழிச்சு, "பாருங்க சார், பட்டன் இருக்கு"ன்னு விற்க ஆரம்பிச்சாங்க. "ஏமாத்து ஸ்லிக்"குன்னே அதுக்குப் பேர் வந்துச்சு. சட்டத்துக்குக் கண்துடைப்பு. மழைக்குக் கண் கிடையாது, அதைத் துடைக்க முடியாது.

1990-களின் கடைசியில்தான் கொஞ்சம் நேர்மையான சமரசம் வந்துச்சு: டிராக் ரேடியல். ரேடியல் அமைப்பு, மென்மையான ரப்பர், ரோட்டுக்குச் சட்டப்படி போதுமான கோடு. பி.எஃப். குட்ரிச் போன்றவங்க இதை விற்க ஆரம்பிச்சாங்க. ஆனா இது சீக்கிரம் தேயும். டயர் பக்கவாட்டில் டிரெட்வேர்னு ஒரு எண் இருக்கும். தினசரி ஓட்டுற நல்ல டயரில் 400-க்கு மேல பார்க்கலாம். டிராக் ரேடியலில் பெரும்பாலும் 100 அல்லது அதுக்கும் கீழே.

காத்து இறக்கினா என்ன ஆகும்?

இப்போ மரக்காணத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை வந்தா அங்கே உப்பளம் நின்னுடும். பாத்தியில் தண்ணி தேங்கி, உப்பெடுப்பு அடுத்த வருஷ வெயிலுக்குக் காத்திருக்கும். ஆனா நம்ம நண்பர் ஆபீஸுக்குப் போய்த்தான் ஆகணும். அதே இ.சி.ஆர்., அதே கார், ரோட்டில் தண்ணி.

டிராக் ரேஸில் பின் டயரில் காத்தை நல்லா இறக்குவாங்க. டயர் தட்டையாகி அதிகமாத் தரையைத் தொடும். சாதாரணமா 32 பி.எஸ்.ஐ. வைக்கிறவங்க டிராக் ரேடியலில் 16 வரைக்கும் போவாங்க.

தண்ணியில் டயர் மிதக்குற ஆபத்தைப் பத்தி 1960-களில் நாசாவில் வால்டர் ஹார்ன் குழு ஆராய்ஞ்சது. விமான டயருக்காக, நனைஞ்ச ஓடுதளத்துக்காக. அவங்க கண்டது: தண்ணி ஆழமா நிக்கும்போது டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதைக் காத்தின் அழுத்தம் பெரிய அளவில் தீர்மானிக்குது. அந்தச் சூத்திரத்தில் போட்டா 32 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். 16-க்குச் சுமார் 67. கார் டயருக்கு இது தோராயமான அளவுகோல்தான். நல்ல பட்டன் இருந்தா தண்ணி கோடு வழியா வெளியேறி நிலைமை மேம்படும். மொட்டை டயரில் அந்த உதவியும் இல்லை.

67-ங்கிறது இ.சி.ஆர்.ல யாரும் வேகம்னே நினைக்காத வேகம். அதுவும் மிதக்குறது பின் டயர். முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், காலை எடுத்தா பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினா வண்டி சுத்தும். எதிரில் பஸ் வரும், ஓரத்தில் சைக்கிளில் உப்பளத்து வேலைக்குப் போறவங்க இருப்பாங்க. உங்க டயர் தேர்வில் அவங்க உசிரும் இருக்கு.

இதனால்தான் ரெண்டு புது டயர் மட்டும் வாங்கினா, எந்தக் காரா இருந்தாலும், அதைப் பின்னாடி போடச் சொல்றாங்க டயர் கம்பெனிக்காரங்க. கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் பட்டனாவது இருக்கணும்னு சட்டமும் சொல்லுது.

உப்பளத்தில் ஓட்டலாமா? ரோட்டில்?

உப்பளம்னதும் பொன்னவில் நினைவு வந்திருக்கும். அமெரிக்காவின் யூட்டாவில் உப்புத் தரையில் வேகச் சாதனை பண்ற இடம். மரக்காணத்தில் அது நடக்காது. பொன்னவில், வத்திப்போன ஏரியின் மேல் இயற்கையா இறுகின உப்புப் பாளம். நம்மளுடையது மனுஷங்க மிதிச்சு இறுக்கின களிமண் பாத்தி, வரப்பு, வாய்க்கால். கார் இறங்கினா புதையும், ஒருத்தர் பிழைப்பும் அதோட போகும்.

ரோட்டில் போட்டின்னா மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

இடம் இல்லாமலும் இல்லை. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் களம் திறந்தது, சோழவரம் காலம் முடிஞ்சது. பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கே நடந்திருக்கு. கார்களுக்கு மகாராஷ்டிராவின் ஆம்பி வேலியில் வேலி ரன் நடந்திருக்கு. எங்கேன்னு நினைக்கிறீங்க? ஓடுதளத்தில்தான்!

இதுக்கு நடுவில் 1983-இல் மாருதி 800 வந்து ஃபிரன்ட் வீல் டிரைவைப் பரவலாக்கிடுச்சு. கேட்டுக்கிட்டு இருக்கிற உங்களில் பல பேர் வண்டி அப்படித்தான். உங்களுக்குக் கிளம்புற பிடிப்பு முன் டயரில். பின் டயரின் வேலை வண்டியை நேரா வைக்கிறது.

உமணரின் பதில்

சரி, நண்பருக்கு என்ன சொல்றது? பதில் அவர் ஊர்த் தொழிலிலேயே இருக்கு. சங்க காலத்தில் கடற்கரை உப்பை வண்டியில் ஏத்தி உள்நாட்டுக்குக் கொண்டுபோன வணிகர்கள் உமணர். மேடு பள்ளம் தெரியாத பாதை. அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைப்பாங்க. சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றில் அந்த அச்சோடுதான் ஒப்பிட்டார். நம்ம ஸ்டெப்னிக்கு முப்பாட்டன்.

எங்க வேலையிலும் இதுதான். டெஸ்டிங்குக்கும் லைவுக்கும் ஒரே செட்டிங் வைக்க மாட்டோம்.

அதனால் நண்பரே, ரெண்டு செட் வாங்குங்க. ரிம்மோடயே. தினமும் ஓட நல்ல பட்டன் உள்ள, ஈரத்தில் பிடிக்கிற ரேடியல், கார் கம்பெனி சொன்ன அளவில், சொன்ன காத்தில். டிராக் ரேடியலைக் காரில் ஏத்திக்கிட்டு, போட்டி இடத்தில் மாட்டுங்க, அங்கேயே கழட்டுங்க. பழைய பாணி கிராஸ் பிளை ஸ்லிக்கைப் பின்னாடியும் ரேடியலை முன்னாடியும் போட்டு ரோட்டுக்கு வராதீங்க, வால் நிக்காது. பணம் ஒரு செட்டுக்குத்தான் இருக்கா? ரோடு டயரை வாங்குங்க. டிராக்கில் கொஞ்சம் நேரம் கூட ஆகும், ஆகட்டும். ஓட்டி முடிச்சதும் நீங்க வீட்டுக்கு வரணும். அந்தத் தூரம் 402 மீட்டரைவிட ரொம்ப அதிகம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள கீழே குனிஞ்சு உங்க பின் டயரை ஒரு தடவை பார்த்துடுங்க.