நாய்களுக்கும் தடை தாண்டும் ஓட்டம்! 'அஜிலிட்டி' பயிற்சியில் சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 6 மணிக்கு கோவிலம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை பக்கத் தெருக்களில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் நாய்க் கயிறு என்று நடப்பவர்கள் நிறைய பேர் கண்ணில் படுவார்கள். பத்து நிமிட நடை முடிந்ததும் நாய் மறுபடியும் ஃபிளாட்டுக்குள் போய்விடும். அதற்குள் மிச்சமிருக்கும் சக்தி எங்கே போகும்? சோபாவிலும் செருப்பிலும்தான்!

இப்படிப்பட்டவர்கள் கண்ணில் இப்போது ரீல்ஸ் வழியாக அடிக்கடி படுவது 'டாக் அஜிலிட்டி'. கம்பைத் தாண்டி, டனலுக்குள் புகுந்து, சீசா பலகையில் ஏறி இறங்கி நாய் பறக்கும் வீடியோக்கள். "நம்ம வீட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா? பயிற்சி முகாமில் சேர்க்கலாமா?" என்று யோசிக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அஜிலிட்டி என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், நாய்க்கும் அதை வளர்ப்பவருக்கும் சேர்த்து நடக்கும் தடை ஓட்டப் போட்டி. மைதானத்தில் எண் போட்டு தடைகள் வைக்கப்பட்டிருக்கும். அந்த வரிசை மாறாமல் நாய் ஓடி முடிக்க வேண்டும். கயிறு கிடையாது. உரிமையாளர் நாயைத் தொடக்கூடாது, கையில் பிஸ்கட்டோ பொம்மையோ வைத்திருக்கக்கூடாது. குரலும் கை அசைவும் உடல் திரும்பும் திசையும் மட்டும்தான் வழிகாட்டி.

ஒவ்வொரு போட்டிக்கும் தடைகளின் வரிசை மாறும். உரிமையாளர் முன்கூட்டியே நாய் இல்லாமல் மைதானத்தை நடந்து பார்த்து வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பாதை தவறினால் பல நேரங்களில் அது நாயின் தப்பு அல்ல, நாம் தாமதமாகச் சொன்னதன் விளைவு.

நாய் கண்காட்சியிலிருந்து இது முற்றிலும் வேறு. கண்காட்சியில் அந்த இனத்துக்குரிய உடலமைப்பும் நடையும் பார்க்கப்படும். இங்கே கணக்கு கடிகாரத்துக்கும் தவறுகளுக்கும் மட்டுமே.

எங்கே தொடங்கியது?

1978-ல் லண்டனில் நடந்த 'கிரஃப்ட்ஸ்' நாய் கண்காட்சியில். ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவில் பார்வையாளர்கள் சலிப்படையாமல் இருக்க ஏதாவது செய்யலாமே என்று யோசித்த ஏற்பாட்டுக் குழுவினர், குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை நாய்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இடைவேளை நிகழ்ச்சியாக வந்தது பெரிய ஹிட். 1980-ல் பிரிட்டன் கென்னல் கிளப் அதை அதிகாரப்பூர்வ விளையாட்டாக ஏற்றது. எஃப்.சி.ஐ. எனப்படும் சர்வதேச நாய்கள் கூட்டமைப்பு 1996 முதல் உலக சாம்பியன்ஷிப் நடத்துகிறது.

தடைகளும் விதிகளும்

எஃப்.சி.ஐ. விதிகளின்படி முக்கியமானவை இவை:

• தாண்டும் கம்பு: பட்டால் கீழே விழுந்துவிடும்படி மேலே வைக்கப்பட்டிருக்கும்.
• டனல்: வளைந்த குழாய் போன்ற சுரங்கப் பாதை.
• வீவ் போல்ஸ்: 60 செ.மீ. இடைவெளியில் 12 கம்புகள். நாய் உள்ளே வெளியே என வளைந்து நெளிந்து போக வேண்டும். கற்றுக்கொடுக்க அதிக நாள் பிடிப்பது இதுதான்.
• ஏ-ஃபிரேம்: கூரை போல நிற்கும் இரண்டு பலகைகள்.
• டாக் வாக்: உயரமான குறுகிய பாலம்.
• சீசா: பார்க்கில் குழந்தைகள் ஆடுவது போன்றதே. மறுமுனை தரையைத் தொட்ட பிறகுதான் நாய் இறங்க வேண்டும்.

ஏ-ஃபிரேம், டாக் வாக், சீசா மூன்றின் கீழ்ப்பகுதியிலும் வேறு நிறம் பூசியிருக்கும். இறங்கும்போது நாயின் ஒரு பாதமாவது அங்கே பட வேண்டும். ஏன் தெரியுமா? வேகத்தில் மேலிருந்தே குதித்தால் தோள்பட்டை போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி.

கம்பு விழுந்தாலோ நிறம் பூசிய பகுதியைத் தவறவிட்டாலோ 5 புள்ளி அபராதம். தடைக்கு முன்னால் வந்து தாண்டாமல் நின்றாலும் அபராதம்தான், அதுவே மூன்று முறை ஆனால் வெளியேற்றம். வரிசை மாறி வேறு தடையைத் தாண்டினாலும் வெளியேற்றம். தடை எதையும் தப்பாக்காமல், நேரத்துக்குள் முடித்தால் அது 'க்ளியர் ரவுண்டு'.

குட்டி நாயையும் பெரிய நாயையும் ஒன்றாக ஓட விடுவதில்லை. தோள்பட்டை உயரத்தை வைத்து 2023 முதல் நான்கு பிரிவுகள்: 35 செ.மீ.க்குக் கீழ், 35 முதல் 43-க்குக் கீழ், 43 முதல் 48-க்குக் கீழ், 48-ம் அதற்கு மேலும். அதற்கேற்ப கம்பின் உயரமும் மாறும்.

பார்டர் கோலி வாங்கினால்தான் முடியுமா?

இல்லவே இல்லை. உலகப் போட்டிகளில் ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலிதான் அதிகம் ஜெயிக்கிறது என்பது உண்மை. அதற்காக நாள் முழுக்க ஓட ஏங்கும் அந்த நாயை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வாங்கி வைப்பது நாய்க்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் 2024-ல் அஜிலிட்டி பட்டம் வென்றது 'நிம்பிள்' என்ற கலப்பின நாய். அந்தப் பட்டத்தை ஒரு கலப்பினம் வென்றது அதுவே முதல் முறை. எஃப்.சி.ஐ. உலக சாம்பியன்ஷிப்புக்கு வம்சாவளிச் சான்று தேவை. ஆனால் கற்றுக்கொள்ள எந்தச் சான்றும் வேண்டாம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நம்ம நாட்டு நாய் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, வெயிலுக்குப் பழகியதாக இருக்கும். பயிற்சிக்குப் பொருத்தமான உடம்பு அது.

சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்து முயலைத் துரத்தப் பழக்கப்பட்ட வேட்டை இனங்கள். வேகத்துக்குக் குறை இல்லை. ஆனால் பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் உங்கள் குரல் காதில் விழாது! அதனால் வேலி போட்ட மைதானத்தில்தான் அவற்றைப் பழக்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம் என்பதால் வேகப் பயிற்சி வேண்டாம்.

சென்னையில் என்ன நிலவரம்?

1896-ல் தொடங்கப்பட்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் இப்போது நம்ம சென்னையில்தான் இருக்கிறது. 1976-ல் உருவான மெட்ராஸ் கேனைன் கிளப் நாய் கண்காட்சிகளை நடத்திவருகிறது. இந்த மாதிரி கண்காட்சிகளில் இனவாரியான தேர்வோடு, சொன்னபடி கேட்கிறதா என்று பார்க்கும் கீழ்ப்படிதல் தேர்வும் உண்டு. பிரிட்டன் மாதிரி அடிக்கடி அஜிலிட்டி போட்டி நடக்கும் நிலை இங்கே இல்லை. தனியார் பயிற்சியாளர்கள் நடத்தும் வார இறுதி முகாம்கள்தான் பலருக்கும் முதல் வாசல்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், பொது இடத்தில் கயிறும் முகமூடியும் கட்டாயம். கோவிலம்பாக்கம் ஊராட்சிப் பகுதி. ஆனால் பக்கத்திலிருக்கும் மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையும் மாநகராட்சிக்குள் வருகின்றன, பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியில். ஆகவே முகாம் எந்த எல்லைக்குள் நடக்கிறது என்று பார்த்து, உரிமமும் ரேபிஸ் தடுப்பூசி அட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி முகமூடி வேண்டாம். கூண்டு போன்ற முகமூடி என்றால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியும்.

பெரிய எதிரி வெயில்தான்

அஜிலிட்டி உருவானது குளிர் நாட்டில். நம்ம ஊருக்கு அதை அப்படியே எடுத்து வரும்போது முதலில் மாற்ற வேண்டியது நேரம். மனிதர்கள் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். சென்னை மாதிரி காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது.

புறங்கையைத் தரையில் வைத்து 5 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. மொட்டை மாடியில் பழக்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நாக்கு அடர் சிவப்பாக மாறுவது, கெட்டியாக எச்சில் வடிவது, தள்ளாடுவது, வாந்தி ஆகியவை வெப்ப வாதத்தின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமாக ஊற்றவும் கூடாது. முதலில் குளிர வைப்பது, பிறகு தாமதிக்காமல் டாக்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு கோவிலம்பாக்கத்திலிருந்து டிராஃபிக்கில் போய்ச் சேர நேரமாகும். அதனால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணை முதலிலேயே சேமித்து வையுங்கள்.

மழைக்காலத்தில் வேறு கவலை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக நாய்களுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். தேங்கிய தண்ணீர் வற்றாத மைதானத்தில் பயிற்சி வேண்டாம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

எஃப்.சி.ஐ. போட்டியில் ஓட குறைந்தபட்ச வயது 18 மாதம். வளரும் நாயின் எலும்பு முனைகள் முழுசாகக் கெட்டியாகும் முன் உயரம் தாண்ட வைத்தால் மூட்டு பாதிக்கப்படும். அதுவரை தரையில் வைத்த கம்பைக் கடப்பது, சின்ன டனல், கூப்பிட்டால் ஓடி வருவது போன்றவை போதும். குண்டான லாப்ரடார் என்றால் முதலில் எடை குறையட்டும், கம்பெல்லாம் அப்புறம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. மைதானத்துக்கு முழு வேலி இருக்கிறதா?
2. தரை மண்ணா, புல்லா? சிமென்ட் தரை, டைல்ஸ் என்றால் வேண்டாம்.
3. தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா? கேட்காத இடத்தில் மற்ற நாய்களுக்கும் போட்டிருப்பார்கள் என்று நம்ப முடியாது.
4. கம்பு பட்டால் விழுமா? கட்டி வைத்த கம்பு காலை முறித்துவிடும்.
5. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை நாய்கள்? ஒரு நாய் இரண்டு மூன்று நிமிடம் ஓடி, பிறகு நிழலில் ஓய்வெடுக்க வழி உண்டா?
6. கற்றுக்கொடுப்பது தீனியும் பாராட்டும் கொடுத்தா, இழுத்து இறுக்கும் சங்கிலி போட்டா? பயத்தில் தாண்டும் நாய் சீக்கிரமே தாண்டுவதை நிறுத்திவிடும்.
7. ஓட மறுத்தால் என்ன செய்வார்கள்? "தூக்கி அந்தப் பக்கம் போட்டால் பழகிடும்" என்று சொன்னால், வண்டியைத் திருப்புங்கள்.

முதல் நாளே நாயை உயரத் தாண்ட வைத்து வீடியோ எடுத்துத் தரும் முகாமை நம்பாதீர்கள். நல்ல முகாமின் முதல் வகுப்பு பார்க்கவே போரடிக்கும். கையைப் பின்தொடர்வது, நில் என்றால் நிற்பது, கீழே கிடக்கும் கம்பைக் கடப்பது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே பழக்க முடியுமா?

முடியும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப், இரண்டு பக்கமும் செங்கல், குழந்தைகள் விளையாடும் துணி டனல் இருந்தால் போதும். சீசாவும் உயரமான பாலமும் மட்டும் வீட்டில் வேண்டாம், அவற்றைப் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே பழக்க வேண்டும்.

அதுகூட இல்லையா? நாளைக்குக் காலையில் துடைப்பக்கட்டையைத் தரையில் குறுக்கே போட்டு, அந்தப் பக்கம் நின்று நாயைக் கூப்பிடுங்கள். கடந்து வந்ததும் ஒரு துண்டு பிஸ்கட். நாய் துடைப்பத்தைக் கடித்துக்கொண்டு ஓடினால் கவலைப்படாதீர்கள். மறுபடி கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வரும் நாய் பாதிப் பயிற்சியை முடித்த நாய்.