எண்ணிக்கையில் அகப்படாத ஜி.என்.ஆர்.

நம் சங்கத்து அங்கத்தினர்களின் குழந்தைகளில் ஆராய்ச்சித் துறைக்குப் போனவர்கள் அநேகம். அவர்களிடம் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், 'ஹெச்-இண்டெக்ஸ்' என்ற வார்த்தை வந்துவிடும். வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிக்கான நிதி எதுவானாலும், எத்தனை கட்டுரை எழுதினாய், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கணக்கு நம் ஜி.என். ராமச்சந்திரனை எப்படி அளக்கும் என்று யோசித்ததின் விளைவே இக்கட்டுரை.

மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் வெளியிட்டார். ஒரு பழைய கட்டுரையைப் பிற்பாடு யார் யார் பயன்படுத்தினார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை, அவ்வளவுதான் அவர் நோக்கம். அது மனிதர்களுக்கு மார்க் போடும் கருவியானது பின்னால் வந்த கதை. ஹெச்-இண்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் தந்தது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு 20.

2014-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் ஆலிவர் லௌரி 1951-ல் எழுதிய கட்டுரைக்கு. 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்! புரதத்தின் அளவைக் கண்டறிய ஒரு செய்முறை, சமையல் குறிப்பு மாதிரி. அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இனி நம்மவர் விஷயம். ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். பெங்களூரில் ஸி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார். அங்கே வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜென் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தெரியவில்லை என்று சொன்னாராம். அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு. பூணூல் முறுக்கத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை!

அதே 1955-ல் ரிச், கிரிக் இருவரும் ஒரு குறை சொன்னார்கள். மூன்று இழை என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் இவர் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். இழைகளுக்கு இடையேயான பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் கட்சியே பிற்பாடு உறுதியாயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் பெருமை பேசியதாகுமே தவிர, சரித்திரம் எழுதியதாகாது.

மற்றவர்களாக இருந்தால் பதில் கட்டுரை எழுதிச் சண்டை போட்டிருப்பார்கள். இவர் கேட்டது வேறு: இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துருவி, தூரங்களை அட்டவணைப்படுத்தினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் நிற்கும் என்று, பெரிய கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், கணக்கிட்டு வரைந்தார்கள். 1963-ல் அது ஐந்தே பக்கக் கட்டுரையாக வந்தது. கூட எழுதியவர்கள் ஸி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். (இந்த ராமகிருஷ்ணன், 2009-ல் நோபல் பெற்ற வெங்கி அல்ல. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அதுவே 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், புதிய மருந்துக்காகவோ வைரஸ் ஆராய்ச்சிக்காகவோ, சரிபார்க்கும் அறிக்கையில் இந்த வரைபடச் சோதனை உண்டு. ஆனால் 1963 கட்டுரையை அடிக்குறிப்பில் போடுபவர்கள் அதில் சிறு பகுதியே. பெயர் வரும், கணக்கில் ஏறாது. நியூட்டன் விதியைச் சொல்பவர் நியூட்டனின் புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறாரா என்ன? பொதுச் சொத்தாகிவிட்ட கண்டுபிடிப்புக்கு மேற்கோள் குறைந்துபோகும் இந்த விசித்திரத்தைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் முன்பே கவனித்துப் பெயரும் வைத்திருக்கிறார். நம் பிள்ளைகளை மதிப்பிடும் கமிட்டிகள் இதைப் படித்தால் தேவலை.

இன்னொன்றும் உண்டு. 1971-ல் லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்க ஒரு சுலபமான கணித முறையை எழுதினார். ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967-லேயே இதையொத்த வழியைக் கண்டிருந்தனர் என்பதும் உண்மை. ஆனாலும் ஸி.டி. ஸ்கானில் படத்தை உருவாக்கும் அடிப்படை வடிகட்டி ஒன்றுக்கு இவர்கள் இருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லாக்' என்றே இன்றும் வழங்குகிறார்கள்.

ஜி.என்.ஆர். 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.